சைடு கேட்டவர்

முருகானந்தம் இருபத்துமூன்று வருடங்களாக அந்தமானில் போர்ட் பிளேயருக்கும் ரங்கத்துக்கும் இடையே பஸ் ஓட்டுகிறார். இத்தனை வருடத்தில் அவர் முந்திச் சென்ற வண்டிகளை எண்ண இரண்டு கை விரல்கள் போதும். அதிலும் பாதி வண்டிகள் பஞ்சராகி நின்றவை. அப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஒரே மகள், அவளும் ரேஸ் கார் ஓட்டுகிறாள் என்றால் ஆண்டவனுக்குக் கொஞ்சம் நக்கல் ஜாஸ்தி. இதை மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் அவரே சொல்லிவிடுவார். அடுத்தவன் கிண்டல் செய்வதற்குள் தானே செய்துகொண்டால் வலி குறைவு என்பது அவர் கட்சி.

அவர் முந்தாததற்கு நியாயம் இருந்தது. ஜிர்காடாங் செக்போஸ்ட்டைத் தாண்டினால் ஜாரவா பழங்குடி மக்களின் காடு. அதற்குள் தனியாகப் போக முடியாது. பஸ், லாரி, டூரிஸ்ட் கார் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கான்வாய் கட்டி, முன்னால் ஒரு போலீஸ் வண்டி, பின்னால் ஒரு போலீஸ் வண்டி என்று போக வேண்டும். நாற்பதுக்கு மேல் வேகம் கூடாது, நிற்கக் கூடாது, முந்தவே கூடாது. காடு முடிந்ததும் படகுத்துறை, ஜெட்டி என்பார்கள். அங்கே எல்லோரும் படகுக்குக் காத்திருக்க வேண்டும்.

காட்டுக்கு வெளியிலும் தீவு டிரைவர்கள் சட்டென்று முந்த மாட்டார்கள். பின்னால் வருகிறவனுக்கு அவசரம் என்றால் ஒரே ஒரு ஹாரன். முன்னால் போகிறவன் இடம் பார்த்து ஒதுங்கி, ஜன்னல் வழியே கையை நீட்டிப் போகச் சொல்வான். சைடு கொடுப்பது என்று அதற்குப் பெயர். கொடுத்தால் போகலாம். கொடுக்காவிட்டால் பாட்டுக் கேட்டுக்கொண்டே பின்னால் வரலாம். கேட்காமல் புகுந்து போனால் அரைமணி நேரத்தில் ஜெட்டி வரிசையில் அவன் பக்கத்திலேயே நிற்க நேரும். அப்போது அவன் முகத்தில் எப்படி விழிப்பது?

மகள் ஷீலா பள்ளி விடுமுறைகளில் இந்தப் பஸ்ஸின் முன் சீட்டில்தான் வளர்ந்தாள். மற்றபடி அவள் ரேஸ் டிரைவரானதில் முருகானந்தத்துக்குப் பங்கில்லை. அது டாலிகஞ்ச் காதர் பாயின் வேலை.

காதர் பாய்க்கு ஹார்ட்வேர் கடை. கடைக்குப் பின்னால் கிடந்த காலி மனையை என்ன செய்வது என்று தெரியாமல், மெயின்லேண்டிலிருந்து நான்கு பழைய கார்ட் வண்டிகளைக் கப்பலில் வரவழைத்தார். தரையோடு தரையாக ஓடும், கூரை இல்லாத குட்டி வண்டிகள். பழைய டயர்களை அடுக்கி வளைவுகள் போட்டார். போட்டு முடித்த பிறகுதான் இரண்டு வண்டி பக்கத்தில் பக்கத்தில் போக இடமில்லை என்பது தெரிந்தது. காதர் பாய் அசரவில்லை. ஒருவர் முடித்த பிறகு ஒருவர் ஓட்டட்டும், நான் ஸ்டாப்வாட்ச் பிடிக்கிறேன் என்றார். அப்படித்தான் அந்த ஊரில் ரேஸ் நடந்தது. ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமலே தோற்கடித்துக்கொண்டார்கள்.

பத்து வயது ஷீலாவின் நேரத்தை அங்கே யாராலும் தொட முடியவில்லை. பத்துபஸ்தியிலிருந்த முருகானந்தத்தின் வீட்டுக்கே காதர் பாய் வந்துவிட்டார்.

“முருகா, இந்த லட்கி கடிகாரத்தப் போட்டு அடிக்குது. மெயின்லேண்டுக்கு அனுப்பு.”

“அடிக்கிற புள்ளைய ஊரு விட்டு ஊரு அனுப்பலாமா பாய்?”

“உன் ஜோக்கெல்லாம் பஸ்ல வச்சுக்க. நான் உன் பீவிகிட்ட பேசிக்கிறேன்.”

மனைவி பேச்சியம்மாள் சரி என்றாள். சென்னையில் அவள் தங்கை வீட்டில் பெண்ணை விட்டார்கள். கார்ட் பந்தயங்களுக்கான திறமைத் தேர்வும் அங்கே கடிகாரத்தை வைத்துத்தான் நடந்தது. ஷீலா முதலாவதாக வந்தாள். செலவை ஒரு டீம் ஏற்றுக்கொண்டது. ஆறு வருடம் கார்ட். பதினாறு வயதில் நாலு சக்கரமும் வெளியே தெரிய, ஒற்றை ஆள் மட்டும் உட்காரும் நிஜமான ரேஸ் கார், இளையோருக்கான தொடர். இப்போது பதினெட்டு, அந்தத் தொடரில் இரண்டாவது வருடம். யார் எந்த வரிசையில் கிளம்புவது என்று கடிகாரம் வைத்துப் பார்க்கும் தகுதிச் சுற்றில் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வருவாள். ரேஸ் முடியும்போது அதே இடத்தில் இருப்பாள், இல்லை ஒன்றிரண்டு இடம் பின்னால் போயிருப்பாள். ஒருமுறை பேப்பரில் ‘ஷீலா சீராக ஓட்டினார்’ என்று ஒரு வரி வந்தது. பஸ் டிரைவருக்கு அதைவிடப் பெரிய பட்டம் கிடையாது. முருகானந்தம் அதை வெட்டி லேமினேஷன் போட்டு ஸ்டியரிங்குக்கு மேலே ஒட்டினார். ரேஸ் உலகத்தில் அது மரியாதையாகத் திட்டுவது என்று பிற்பாடுதான் தெரிந்தது.

சொன்னவர் திருநாவுக்கரசு. டீமின் மேனேஜர், கோயம்புத்தூர்க்காரர். வருடத்தின் கடைசி ரேஸைப் பார்க்க லீவு போட்டு, மூன்று நாள் கப்பலில் குலுங்கி, சென்னைக்கு வெளியே இருந்த டிராக்குக்கு முருகானந்தம் வந்து சேர்ந்த சனிக்கிழமை மத்தியானம், அவரைத் தனியாக ஒரு கூடாரத்துக்கு அழைத்துப்போய் உட்காரவைத்தார்.

“அண்ணா, நேராவே சொல்லிப்போடறேன். அடுத்த வருஷம் மேல்கட்டத் தொடருக்குப் போறோம். எங்க டீமுக்கு அங்க ஒரே சீட்டுதானுங்க. நம்மகிட்ட இருக்கறது ரெண்டு பேரு. உங்க பொண்ணு, அப்புறம் சுதாகர். ரெண்டு பேருக்கும் புள்ளிகள் சமமா நிக்குது. நாளைக்கு யாரு முன்னால முடிக்கிறாங்களோ அவங்களுக்குச் சீட்டு.”

“இன்னொருத்தருக்கு?”

“வேற இடம் தேட வேண்டியதுதானுங்க. பெரும்பாலும் கிடைக்காது.”

தகுதிச் சுற்று காலையிலேயே முடிந்திருந்தது. ஷீலாவின் காரில் கியர் மாட்டிக்கொள்ள, அவள் எட்டாவது. சுதாகர் நான்காவது.

“எட்டுல இருந்து மூணாவதுக்குக்கூட வர்ற வேகம் அதுக்கு இருக்குதுங்க,” என்றார் திருநாவுக்கரசு. “ஆனா முந்த மாட்டேங்குது. ரெண்டு வருஷத்துல பதினோரு ஓவர்டேக். நான் எண்ணியிருக்கேன். அதுல ஒம்போது, நின்னுபோன காருங்க.”

முருகானந்தத்துக்குக் காது சூடாகிவிட்டது. அந்தப் புள்ளிவிவரம் கிட்டத்தட்ட அவருடையது. பஸ்ஸின் முன் சீட்டில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த சின்னப் பெண் இதைத்தானா கற்றுக்கொண்டது? கண்ணையோ மூக்கையோ கொடுத்திருக்கக் கூடாதா; கொடுத்தது கான்வாயை.

மறுநாள் காலை கேன்டீனில் பொங்கலை முன்னால் வைத்துக்கொண்டு மகளிடம் பேச்சைத் தொடங்கினார். “பாப்பா, நாளைக்கு... இல்ல, இன்னிக்கு... நீ கொஞ்சம் முந்தணும்.”

ஷீலா வாயில் இருந்த பொங்கலை விழுங்கவே சற்று நேரமானது. “நீ சொல்றியாப்பா?”

“நான்தான் சொல்றேன்.”

“எப்படி முந்தணும்னும் சொல்லேன், கேட்டுக்கறேன்.”

முருகானந்தம் யோசித்தார். தெரியவில்லை. “அது அவங்கவங்க வண்டியப் பொறுத்தது,” என்றார்.

அவள் சிரித்தாள். பிறகு ஸ்பூனைக் கீழே வைத்தாள். “பக்கத்துல வரைக்கும் போயிடுவேன்பா. எங்க பிரேக் புடிப்பான், எங்க தடுமாறுவான் எல்லாம் தெரியும். இடமும் தெரியும். ஆனா அவன் ஒதுங்குவான்னு காத்திருப்பேன். ஏன்னே தெரியல. இங்க யாரும் ஒதுங்க மாட்டாங்க. மூக்கை உள்ள விட்டாத்தான் வழி. எனக்கு அந்த மூக்கு வரமாட்டேங்குது.” சட்டென்று குரல் இறங்கியது. “இன்னிக்குச் சுதாகருக்கு முன்னாடி வரலன்னா அவ்ளோதான்பா. திரும்பி வந்து காதர் பாய் கடையில ஆணி விப்பேன்.”

ஜோக்குதான். ஆனால் முருகானந்தம் ஜோக்கடிக்கிற ஜாதி. அடியில் என்ன கிடக்கிறது என்று தெரியும். அவள் பொங்கலை முடிக்காமலே எழுந்து போனாள்.

அவருக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. தீவில் இருபத்துமூன்று வருடம் வண்டி ஓட்டியவனுக்கு மட்டுமே வரக்கூடிய யோசனை. இந்தக் கார்களில் ஹாரன் இல்லை என்பதை அவர் முந்தின நாளே கவனித்திருந்தார். ஹாரன் இல்லாவிட்டால் பாவம், பின்னால் வருகிறவள் எப்படிக் கேட்பாள்? முன்னால் போகிறவனுக்குத்தான் எப்படித் தெரியும்? அவளால் கேட்க முடியாததை நேரில் போய்க் கேட்டுவிட வேண்டியதுதான்.

சுதாகர் டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான். ஒல்லியாக, நகம் கடித்துக் கடித்து விரல் நுனிகள் சிவந்துபோன பத்தொன்பது வயதுப் பையன்.

“தம்பி, நான் ஷீலாவோட அப்பா. நானும் டிரைவர்தான். பஸ்ஸு.”

“தெரியும் அங்கிள். சொல்லுங்க.”

“பெரிசா ஒண்ணுமில்ல. ரேஸ்ல பாப்பா உனக்குப் பின்னாடி வரும். இடம் பாத்துக் கொஞ்சம் சைடு குடுத்துடு.”

சுதாகர் பழத்தை மெல்வதை நிறுத்தினான். “புரியல.”

“உனக்கு இடைஞ்சல் இல்லாத இடமாப் பாத்துத்தான். அவசரமில்ல.”

பையன் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். வேட்டி, கட்டம்போட்ட சட்டை, கப்பலில் மூன்று நாள் கசங்கிய முகம். இந்த முகத்துக்குள் எதையோ தேடுவதுபோல் கண்ணைச் சுருக்கினான்.

“எந்தப் பக்கம் வருவா?”

“வலது பக்கம்தான்,” என்றார் முருகானந்தம். ரோட்டு விதி அதுதானே.

“சரிங்க அங்கிள்,” என்றான் சுதாகர் மெதுவாக. “வலது பக்கம்.”

நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டே திரும்பினார். பேச்சியம்மாளுக்குப் போன் போட்டு, ஏற்பாடு செய்தாகிவிட்டது, கவலைப்படாதே என்றும் சொன்னார். என்ன ஏற்பாடு என்று அவள் கேட்பதற்குள் சிக்னல் போய்விட்டது.

பதினைந்து சுற்று ரேஸ். முருகானந்தத்தைத் திருநாவுக்கரசு தன் பக்கத்திலேயே, திரைகள் வைத்த மேஜையருகே நிற்கவைத்தார். கார்கள் கிளம்பிய சத்தத்தில் அவருக்குப் பல் கூசியது. முதல் வளைவிலேயே இரண்டு கார்கள் மோதிப் புல்வெளிக்குப் போயின. ஷீலா ஆறாவது ஆனாள். சுதாகர் மூன்றாவதிலிருந்தவனை நெருங்கப்போய் வளைவில் வெளிப்பக்கம் அகன்றுவிட, பின்னாலிருந்து ஒருவன் புகுந்தான். சுதாகர் ஐந்தாவது. எட்டாவது சுற்றில் அவன் காருக்குப் பின்னால், ஒரு ஆள் படுக்கிற தூரத்தில் ஷீலா வந்து ஒட்டிக்கொண்டாள்.

“வந்துட்டா,” என்றார் முருகானந்தம்.

“வந்துட்டாளுங்க. இனி அங்கயேதான் இருப்பா,” என்றார் திருநாவுக்கரசு கசப்பாக.

ஒன்பது, பத்து, பதினொன்று. அவர் சொன்னபடியே இருந்தாள். இரண்டு கார்களையும் கயிற்றால் கட்டி இழுப்பதுபோல் இருந்தது. முருகானந்தத்துக்கு அந்தக் காட்சி பழக்கமானது, ஒருவகையில் அழகாகக்கூட இருந்தது. தைரியம் சொல்லும் நோக்கத்தில் திரும்பினார். “கவலைப்படாதீங்க சார். அந்தப் பையன் சைடு குடுப்பான்.”

“குடுக்கமாட்டானுங்க. குடுக்கவும் கூடாது. போன வருஷம் வேற டீம்ல ஒருத்தன் சிநேகிதனுக்காக ஒதுங்கிக் குடுத்தான். பேசி வச்சு ஓட்டினதுன்னு ரெண்டு பேரையும் தொடரை விட்டே துரத்திட்டாங்க.”



“ரெண்டு பேரையுமா?”

“கேட்டவனையும் குடுத்தவனையும்.”

இருபத்துமூன்று வருடத்தில் அவர் பிரேக் பிடிக்காத பஸ்ஸை இறக்கத்தில் ஓட்டியிருக்கிறார். மழையில் மரம் விழுந்த ரோட்டில் பின்னாலேயே எடுத்திருக்கிறார். அப்போதெல்லாம் வராத வியர்வை இப்போது வந்தது. தம்பி, கொடுத்துடாதே. நான் சொன்னது தப்பு. நீ நல்ல பிள்ளையாக இருக்காதே. மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டே நின்றார். ஒரு தகப்பன் தன் மகளுக்கு வழி விடாதே என்று வேண்டிக்கொள்ளும் ஒரே ரேஸ் உலகத்தில் இதுவாகத்தான் இருக்கும்.

பதினான்காவது சுற்று. நீண்ட நேர்சாலையின் முடிவில் வலது வளைவு. இரண்டு கார்களும் பறந்து வருவதைத் திரையில் பார்த்தார். சுதாகரின் கார் லேசாக அசைந்தது. ஒதுங்குகிறானா? அதற்கு மேல் பார்க்கத் தெம்பில்லை. முருகானந்தம் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

பக்கத்தில் திருநாவுக்கரசு கெட்ட வார்த்தை ஒன்றைச் சந்தோஷமாகச் சொன்னார். கண் திறந்தபோது ஷீலா முன்னால் இருந்தாள்.

ரேஸ் முடிந்தது. ஷீலா ஐந்தாவது, சுதாகர் ஆறாவது. ஹெல்மெட்டைக் கழற்றியதும் வியர்வையில் ஒட்டிய தலைமுடியோடு ஓடிவந்தாள். இப்படி ஒரு முகத்தை அவர் பார்த்ததில்லை. பத்து வயதில்கூட இல்லை.

“பாத்தியாப்பா? பாத்தியா நீ?”

சும்மா தலையாட்டினால் போதும். சீட்டு அவளுடையது. அந்தப் பையன் வாயைத் திறக்கப்போவதில்லை. திறந்தால் அவனுக்கும்தான் வினை. முருகானந்தம் தலையாட்டத்தான் பார்த்தார். கழுத்து ஒத்துழைக்கவில்லை.

“பாப்பா, காலையில நான் சுதாகர்கிட்ட போயி... உனக்குச் சைடு குடுக்கச் சொல்லிக் கேட்டேன்.”

அவள் முகத்திலிருந்து சிரிப்பு ஒரே அடியாகப் போகவில்லை. விளிம்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது.

“கேட்டியா?”

“தப்புன்னு தெரியாதும்மா. ஹாரன் இல்லையேன்னு...”

“அவன் என்ன சொன்னான்?”

“சரின்னான்.”

ஷீலா அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு கராஜின் மறுகோடிக்கு நடந்தாள். சின்ன வயதில் அவர் அவளை ரோடு தாண்டவைத்த அதே பிடி, கொஞ்சம் வலித்தது. சுதாகர் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். கண் சிவந்திருந்தது.

“எனக்கு வழி விட்டியா?” என்றாள். “நிஜத்தைச் சொல்லு. விட்டேன்னா இப்பவே சார்கிட்ட போய்ச் சொல்லிடறேன். எனக்கு அந்தச் சீட்டு வேணாம்.”

சுதாகர் அவளைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். “வழி விடறதா? எனக்கு மட்டும் சீட்டு வேணாமா?” மூக்கை உறிஞ்சிக்கொண்டான். “உங்கப்பா செம ஆளு. பெரிய மைண்ட் கேம். வலது பக்கம் வருவான்னு முன்கூட்டியே வந்து சொல்றாரு. எவனாவது சொல்வானா? நானும் ரேஸ் பூரா வலது பக்கத்தையே அடைச்சுக்கிட்டு, கண்ணாடியப் பாத்துக்கிட்டே ஓட்டறேன். நீ இடது பக்கம் வெளியில சுத்தி வர்றே. அங்கருந்து எவனும் வந்ததில்ல.”

“மைண்ட் கேமா?” என்றார் முருகானந்தம்.

“நான் இதைப்பத்திப் பேசவே இல்லையே அவர்கிட்ட,” என்றாள் ஷீலா சுதாகரிடம். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினாள். “இவன் எப்பப் பாத்தாலும் வலது பக்கத்துலயே கெடந்தான், நான் காத்திருந்து காத்திருந்து... இவன் இந்த ஜென்மத்துல ஒதுங்கமாட்டான்னு தெரிஞ்சுபோச்சு. கோவம் வந்துடுச்சு. போயிட்டேன்.” அவர் மணிக்கட்டை அப்போதுதான் விட்டாள். “கோவத்துலதான்பா போனேன். நானேதான் போனேன்.”

பின்னாலிருந்து ஒரு இருமல் கேட்டது. திருநாவுக்கரசு. எவ்வளவு நேரமாக நின்றிருந்தாரோ தெரியவில்லை. மூன்று பேரையும் விட்டுவிட்டு நேராக மேஜைக்குப் போனார். இரண்டு கார்களிலும் வேகமும் பிரேக்கும் பதிவான கோடுகளைத் திரையில் விரித்து, மூக்குக் கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். முருகானந்தத்துக்கு அந்தப் பத்து நிமிடம் கப்பலின் மூன்று நாளைவிட நீளமாக இருந்தது.

“பையன் ஒரு இம்மிகூட விடலீங்க,” என்றார் கடைசியில். “மத்த சுத்தைவிடப் பிந்தித்தான் பிரேக் புடிச்சிருக்கான். உங்க பொண்ணு அதுக்கும் பிந்தி.” கண்ணாடியைக் கழற்றினார். “இதை அப்படியே நடுவர்கள்கிட்ட நானே எழுதிக் குடுத்துடறேன், கேட்டது, குடுக்காதது எல்லாம். ஒளிச்சாத்தான் தப்பு. சீட்டு ஷீலாவுக்கு. ஆனா அண்ணா, நீங்க பெரிய மனசு பண்ணி ஒரு உபகாரம் செய்யணும்.”

“சொல்லுங்க சார்.”

“அடுத்த வருஷம் ரேஸ் முடியற வரைக்கும் நீங்க கேலரியில. கேட்டுக்கு இந்தப் பக்கம் உங்களைப் பாத்தா செக்யூரிட்டியக் கூப்பிடுவேன்.”

“எழுதியே குடுத்துடறேன் சார்.”

சுதாகர் பையை எடுத்துக்கொண்டிருந்தான். முருகானந்தம் அவனிடம் போனார்.  எல்லாவற்றுக்கும் கைவசம் ஒரு ஜோக் வைத்திருப்பவருக்கு இப்போது ஒன்றும் அகப்படவில்லை.

“தம்பி, நான் நிஜமாவே சைடுதான் கேட்டேன். தந்திரம் எதுவும் தெரியாது எனக்கு.”

பையன் அவர் முகத்தைப் பார்த்தான். “இப்பத் தெரியுது அங்கிள்,” என்றான். “ஆனா வெளிய சொல்லிடாதீங்க. ஒரு கில்லாடிகிட்ட ஏமாந்தேன்னு சொன்னாலாவது எனக்குக் கொஞ்சம் மரியாதை.”

“சரி. கில்லாடியாவே இருந்துக்கறேன்.”

அவன் பை மாட்டிய தோளைத் தட்டிக்கொடுத்தார். எலும்புதான் கையில் பட்டது. அவன் வாசல் தாண்டிப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷீலா போனை நீட்டிக்கொண்டு வந்தாள். யாரோ அந்த வளைவை எடுத்து அனுப்பியிருந்தார்கள். “நீ கண்ண மூடிக்கிட்டியாமே, சார் சொன்னாரு. இந்தா பாரு.”

பார்த்தார். பன்னிரண்டு நொடி. வலது பக்கம் சுதாகர் ஒட்டிப் போகிறான். ஹெல்மெட் வலது கண்ணாடியின் பக்கமே சாய்ந்திருக்கிறது, யாரோ நிச்சயமாக வரப்போகிறார்கள் என்று நம்பும் ஒருவனின் தலை. வருவது அங்கிருந்து அல்ல. அவர் அந்தச் சாய்ந்த தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார். மறுபடியும்.

நான்காவது தடவை ஷீலா அவர் பார்வை போகும் இடத்தைக் கவனித்துவிட்டாள். விரலைத் திரையின் இடதுகோடியில் வைத்தாள். அங்கே வெள்ளைக் கோட்டை ஒட்டி, இடமே இல்லாத இடத்தில் ஒரு சிவப்பு மூக்கு நுழைந்துகொண்டிருந்தது.

“அவனை இல்லப்பா,” என்றாள். “இங்க. என்னைப் பாரு.”